வார் அறுந்த செருப்போடு தாவோர்மினா

இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது, கெண்டைக்கால் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே ராத்திரி படுக்கும் முன் போனில் தட்டிவைத்த குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணி நாள்வாரியாகப் போடுகிறேன். விசா, விமானக் கதை எதுவும் இதில் கிடையாது. அதெல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒழுங்காக நடந்ததைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

கூட வந்தவன் என் மச்சினன், நான் கூப்பிடுவது 'மாப்ளே'. வீட்டுக்காரியின் தம்பி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை. மதுரையிலிருந்து அவனைப் பார்க்கப் போன என்னை, "இங்க என்ன மச்சான் இருக்கு, கார் கம்பெனியும் மழையும்தான், வாங்க சிசிலி போவோம்" என்று கிளப்பிவிட்டான். வீட்டில் மட்டும் ஒரு தகராறு. ஜூன் 2ஆம் தேதி சிசிலியின் எத்னா எரிமலை புகையைக் கக்க, சுற்றுலா வந்த கூட்டம் மலைச் சரிவில் தலைதெறிக்க ஓடிவந்த வீடியோவை என் மனைவி அப்போதே பார்த்திருந்தாள். அதைத் தேடி எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பினாள். மலைக்குக் கிட்டவே போக மாட்டோம், கடற்கரைதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பாதி உண்மை.

செப்டம்பர் 26, வெள்ளி. கத்தானியா

ஊரே கறுப்பு. 1693இல் வந்த நிலநடுக்கத்தில் அநேகமாக மொத்தமும் விழுந்து, அப்புறம் எரிமலைக் கல்லை வைத்தே திரும்பக் கட்டிய ஊர். தெருவில் பாவிய கல் கறுப்பு, சுவர் கறுப்பு, பெரிய கோவிலுக்கு முன்னால் தூணைச் சுமந்துகொண்டு ஒரு கறுப்பு யானை. ஐரோப்பாவில் யானையை ஊர்ச் சின்னமாக வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரு சந்தோஷம். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, மார்கழி மாதத்துக் கோவில் யானை மாதிரி கொஞ்சம் சலிப்பாக நின்றது.

பின்னால் மீன் சந்தை. வாள்மீன் தலையை வெட்டி, அந்த நீளமூக்கு வானத்தைப் பார்க்கிற மாதிரி மேஜையில் நிறுத்திவைத்து, பக்கத்தில் நின்று கத்தி விற்கிறார்கள். சத்தம், தண்ணீர், வழுக்கல். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த மாப்ளே பத்து நிமிஷத்தில் பொரித்த நெத்திலி ஒரு கூம்பு வாங்கித் தின்றுகொண்டிருந்தான்.

இந்த ஊரில் நான் மறக்க மாட்டாத சங்கதி ஒன்றுதான். முச்சந்திகளில் சின்ன வட்டமான கடைகள் இருக்கின்றன. எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்துப் பிழிந்து, ஒரு கரண்டி உப்பைப் போட்டு, மேலே சோடாவைச் சீறவிட்டுத் தருகிறார்கள். "செல்ட்ஸ், லிமோனே, சாலே." சோடா, எலுமிச்சை, உப்பு. நம்ம ஊர் உப்புச் சோடாவேதான்! நுரை பொங்கி வழிவதற்குள் குடிக்க வேண்டும், அதே பதற்றம். 2 யூரோ. நூறு ரூபாய்க்கு மேல் ஒரு யூரோ என்று மனக்கணக்குப் போட்டேன், தொண்டையில் கொஞ்சம் நின்றது. இருந்தாலும் இன்னொன்று சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி. ஜார்தீனி நாக்சோஸ்

ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. வலது பக்கம் கடல், இடது பக்கம் எத்னா. பெட்டியில் எதிரே இருந்த பெரியவர் ஜன்னல் வழியாகக் காட்டி "ஆ முந்தாஞ்ஞா" என்றார். சிசிலிப் பேச்சில் 'மலை' என்றுதான் அர்த்தம், பெயரெல்லாம் சொல்வதில்லை. பெண்பால் சொல் என்று மாப்ளே விளக்கினான். அப்படியென்றால் மலையம்மா. உச்சியில் ஒரு சின்னக் கொண்டை மேகத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

தாவோர்மினா மேலே, மலை விளிம்பில், கடலிலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம். அங்கே தங்க அறை கேட்டால் சொல்கிற விலைக்குக் கீழே மூன்று ராத்திரி படுக்கலாம். அதனால் கடற்கரையிலேயே ஜார்தீனி நாக்சோஸில் 70 யூரோவுக்கு ஓர் அறை. வீட்டுக்கார அம்மா வெந்நீர்க் குழாயை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று நான்கு தடவை செய்து காட்டினார். ஐந்தாவது தடவை என்னைத் திருகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் பழைய நாக்சோஸ் இடிபாடுகளுக்கு நடந்தோம். சிசிலியில் கிரேக்கர்கள் முதன்முதலாகக் குடியேறிய இடம் இது, கி.மு. 734. எரிமலைக் குழம்பு கடலுக்குள் ஓடி உறைந்த ஒரு முனை, அதில் ஊர். இப்போது எலுமிச்சை மரங்களுக்கு நடுவே கறுங்கல் சுவர்கள் மட்டும். ஒரு கல் ஐங்கோணம், பக்கத்துக் கல் அறுகோணம், இடையில் சுண்ணாம்பு கிடையாது, ஆனாலும் அசையாமல் இருக்கிறது. எங்களைத் தவிர ஒரு ஜெர்மன் தம்பதியும் ஒரு பூனையும். பூனைதான் நிஜமாகவே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கதை இப்படி. சிராக்கூசா நகரத்தின் கொடுங்கோலன் தியோனீசியஸ் கி.மு. 403இல் இந்த ஊரைத் தரைமட்டமாக்கினான். ஆட்கள் திசைக்கொன்றாகச் சிதறினார்கள். 45 வருஷம் கழித்து, கி.மு. 358இல், ஆந்த்ரோமாக்கஸ் என்பவர் மிச்சமிருந்தவர்களைச் சேர்த்து மேலே மலையில் குடிவைத்தார். அதுதான் தாவோர்மினா. இதைப் படித்ததும் நான் மாப்ளேயிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு நாமும் கடற்கரையிலிருந்து நடந்தே ஏறுகிறோம் என்று. "கேபிள் கார் இருக்கு மச்சான்." "ஆந்த்ரோமாக்கஸ் காலத்துல இருந்துச்சா?" வாயை மூடிக்கொண்டான். இந்தக் கேள்வியை மறுநாள் பூராவும் என்னிடமே திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ராத்திரிக்குக் கத்திரிக்காய். பாஸ்தா அல்லா நோர்மா என்று, பொரித்த கத்திரிக்காய், தக்காளி, மேலே உப்புப் பாலாடைக்கட்டி துருவியது. கூடவே கபோனாத்தா, அதுவும் கத்திரிக்காய், வினிகரும் சர்க்கரையும் போட்டு ஆலிவோடு வதக்கியது. ஒரு வாய் வைத்ததும் கல்யாண வீட்டுக் கத்திரிக்காய்ப் பச்சடி ஞாபகம் வந்தது, மிளகாய் மட்டும் ஓடிப்போய்விட்டது. பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு 2.50 யூரோ. இலை போட்டதற்கு, அதாவது உட்கார்ந்ததற்குக் காசு.

செப்டம்பர் 28, ஞாயிறு. ஈசோலா பெல்லாவிலிருந்து மேலே

காலையில் பஸ்ஸில் ஈசோலா பெல்லா. கரையையும் ஒரு சின்னத் தீவையும் ஒட்டவைத்த மாதிரி ஒரு சரளைத் திட்டு, அதன்மேல் முழங்கால் அளவுத் தண்ணீர். 1890இல் புளோரன்ஸ் ட்ரெவெலியன் என்ற பிரிட்டிஷ் சீமாட்டி இந்தத் தீவையே விலைக்கு வாங்கினாராம். இப்போது அரசு வசம், இயற்கைக் காப்பகம்.

மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல். எல்லோரும் ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு கொக்கு மாதிரி நடக்கிறார்கள். நான் மதுரையில் 180 ரூபாய்க்கு வாங்கிய ரப்பர் செருப்போடு இறங்கினேன். சாய்வு நாற்காலி இரண்டும் ஒரு குடையும் 40 யூரோ என்றார்கள், நான் பையிலிருந்து ஈரிழைத் துண்டை எடுத்து விரித்துவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த இத்தாலிக்காரப் பெண் அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று அவருக்கு ஆச்சரியம். விலையை நான் சொல்லவில்லை, அவர் மனசு கஷ்டப்படும்.

தண்ணீர் வெதுவெதுப்பு. கண்ணாடி மாதிரி. அதைப் பற்றி எழுதினால் எல்லோரும் எழுதுகிற மாதிரிதான் வரும், விட்டுவிடுகிறேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். இதுதான் தப்பு. செப்டம்பர் கடைசி ஆனாலும் 28 டிகிரி, காற்று இல்லை. கடற்கரையிலிருந்து ரோட்டுக்கு வருவதற்கே ஏகப்பட்ட படி, அதிலேயே மாப்ளேக்கு மூச்சு வாங்கியது. கேபிள் காருக்குப் போய்ப் பார்த்தால் வரிசை ரோடு வரை. "வரிசையில நிக்கிற நேரத்துல ஏறிரலாம்" என்று நான் சொன்னது அந்த நேரத்தில் நியாயமாகத்தான் பட்டது. ரோட்டைத் தாண்டினால் மலைப்பக்கம் படிகள் தொடங்குகின்றன. படி என்றால் நம்ம திருப்பரங்குன்றம், பழனி மாதிரி ஒரே சீராக இல்லை. கொஞ்சம் படி, கொஞ்சம் சிமெண்டுச் சரிவு, ஒரு வீட்டின் பின்பக்கச் சுவர், திடீரென்று ஒரு திருப்பம், அங்கே கடல் இன்னும் கொஞ்சம் கீழே போயிருக்கும். இரண்டு பக்கமும் சப்பாத்திக்கள்ளி, பழம் சிவந்து தொங்குகிறது. மேலூர் பக்கம் சின்ன வயசில் முள்ளைத் தரையில் தேய்த்துவிட்டுத் தின்று நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்டு திரிந்தது இதே பழம்தான். இங்கே அதன் பெயரே 'இந்திய அத்தி'. வந்ததென்னவோ மெக்சிகோ பக்கத்திலிருந்து. கொலம்பஸ் செய்த குழப்பத்துக்கு இந்தச் செடி இன்னும் நம் பெயரைச் சுமக்கிறது.

போன் வரைபடம் ஒரு குறுக்கு வழி காட்டியது. போனால் பூட்டிய இரும்புக் கதவு, பின்னால் ஒரு நாய். திரும்பி இறங்கும்போதுதான் என் செருப்பு வார் அறுந்தது. பிய்ந்து வந்த குமிழைக் கையில் வைத்துக்கொண்டு நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். படிக்கல் சூடு, வெறுங்காலில் வைக்க முடியவில்லை. "ஊக்கு இருக்கா மாப்ளே?" "ஜெர்மனில யாரு மச்சான் ஊக்கு வச்சிருக்கா?"

அப்போது கீழேயிருந்து ஒரு பாட்டி ஏறி வந்தார். எழுபத்தைந்துக்குக் குறையாது. கறுப்புக் கவுன், இரண்டு கையிலும் துணிப்பை, ஒன்றில் ரொட்டி நீட்டிக்கொண்டிருந்தது. என் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார். ரொட்டிப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த நூலைப் பிரித்து, என் கையிலிருந்து செருப்பைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஓட்டை வழியாக நூலை விட்டு, அடியில் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்து முடிந்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நம்ம ஊரில் வயசில் மூத்தவர் நம் செருப்பைத் தொட்டால் பதறிப்போவோம், எனக்குப் பதறியது. "ஐயோ பாட்டி, வேணாம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் ஏதோ இத்தாலியனில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் அது புரிந்த மாதிரிதான் இருந்தது.

அப்புறம் பைகளை நாங்கள் வாங்கிக்கொண்டோம். அவர் கையை வீசிக்கொண்டு முன்னால் போனார், நாங்கள் இரண்டு தடிமாடுகள் பின்னால் இரைத்துக்கொண்டு. "பியானோ, பியானோ" என்று எங்களுக்காகத்தான் சொன்னார், மெதுவா, மெதுவா என்று. மேல் ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பச்சைக் கதவு, அதுதான் வீடு. உள்ளே போய்த் தண்ணீரும் நான்கு எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்தார். இலையோடு, கைமுட்டி அளவு, தோல் கரடுமுரடு. வீட்டுக்குள் கூப்பிடவில்லை, நாங்கள் குடித்து முடிக்கும் வரை வாசலில் நின்றார், செம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். இந்த மட்டு மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்தது.

மொத்தம் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். அரை மணி நேரத்தில் ஏறிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செருப்பு அறுந்திருக்காது.

ஊர் வாசல் போர்த்தா மெஸ்ஸீனா. உள்ளே கொர்சோ உம்பெர்த்தோ, ஒரே நீளத் தெரு, மறுகோடியில் போர்த்தா கத்தானியா. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி மாதிரி கூட்டம், ஆனால் எல்லோரும் சென்ட் போட்டிருந்தார்கள். வியர்வை நாற்றத்தோடு நாங்கள் இரண்டு பேர். முதல் வேலையாகக் கிரானித்தா. அரைத்த பாதாமும் சர்க்கரையும் உறைந்து சொரசொரப்பாக, ஐஸும் இல்லாமல் பாயசமும் இல்லாமல் நடுவில் ஒன்று; தொட்டுக்கொள்ள பிரியோஷ் என்ற பன். அந்தப் பன்னுக்கு உச்சியில் ஒரு குமிழ், அதை 'தூப்போ' என்கிறார்கள். அர்த்தம் கேட்டேன். கடைப்பெண் தன் பின்னந்தலையைத் தொட்டு முடியைச் சுருட்டிக் காட்டினாள். கொண்டை! கொண்டையை முதலில் பிய்த்துத்தான் தின்ன வேண்டுமாம். முன்காலத்தில் எத்னா மேலிருந்து பனியை வெட்டி, பொதிந்து, கோடை வரை காத்துவைத்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். 7 யூரோ. கீழே ஜார்தீனியில் இதே சங்கதி 4.50. ஏறிய உயரத்துக்கு விலையும் ஏறுகிறது.

தெரு நடுவில் ஒரு சதுக்கம், கடலைப் பார்த்து ஒரு மொட்டைமாடி மாதிரி. பெயர் ஏப்ரல் 9 சதுக்கம். என்ன நடந்தது அன்றைக்கு? 1860 ஏப்ரல் 9இல் கோவிலில் பூசை நடந்துகொண்டிருந்தபோது, இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி சிசிலியின் மேற்குக் கரையில் மர்சாலாவில் வந்து இறங்கிவிட்டார், விடுதலை வந்துவிட்டது என்று யாரோ சேதி கொண்டுவந்தார்களாம். சேதி பொய். அவர் நிஜமாக இறங்கியது மே 11. ஆனாலும் பெயர் வதந்தி வந்த தேதிக்குத்தான். எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். இதில் இன்னொரு வேடிக்கை, அந்த ஆகஸ்டில் அதே கரிபால்டி இத்தாலியின் பெருநிலப் பக்கம் கடல் தாண்டியது, நாங்கள் தங்கியிருந்த ஜார்தீனி கரையிலிருந்து. சதுக்கத்தில் ஒரு பீர் 12 யூரோ. நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

சாப்பாட்டுக்கு மலிவாக ஏதாவது கிடைக்குமா என்று ஒரு சந்துக்குள் போனபோது, ஓர் ஓட்டலின் பின்கதவுப் படியில் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவர் சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே கடந்தோம்.

"தமிழோ கதைக்கிறீங்கள்?"

மாப்ளே அப்படியே நின்றுவிட்டான். யாழ்ப்பாணத்துக்காரர். வீடு சிசிலியின் தலைநகர் பலெர்மோவில், முப்பது வருஷத்துக்கு மேலாயிற்றாம். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை இங்கே வேலை. மதுரை என்றதும் "மீனாட்சி அம்மன்" என்று நெஞ்சில் கை வைத்தார். நாங்கள் கடலடியிலிருந்து நடந்து ஏறினோம் என்றதும் சிரித்தார். "எங்கட ஆக்களுக்கு மலை ஏறுறது புதுசில்லை அண்ணை. பலெர்மோவில ஞாயிறெண்டா மொந்தே பெல்லகிரீனோவுக்குத்தான் போவினம். ரோசலியா மாதா. வேதக்காரரும் வருவினம், சைவ ஆக்களும் வருவினம். நான் சைவம்தான். எனக்கு அவ அம்மன்."

மலைக் குகைக்குள் இருக்கிற கோவில் அது. 1624இல் பிளேக் வந்தபோது புனித ரோசலியாவின் எலும்புகள் அங்கே கிடைத்து, அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் நின்றது என்பது பலெர்மோக்காரர்களின் நம்பிக்கை. செப்டம்பர் 3 ராத்திரி ஊரே நடந்து ஏறும், சிலர் வெறுங்காலோடு. "இந்த முறை போகேல்லை. சீசன் நேரம், லீவு தரமாட்டினம்" என்றார். குரலில் கோபம் இல்லை, சிகரெட்டை மட்டும் கொஞ்சம் அழுத்தி அணைத்தார்.

"இஞ்ச சாப்பிடாதேங்கோ, விலை கூட. நில்லுங்கோ, குசினிக்குள்ள பாத்திட்டு வாறன்." குசினி! யாழ்ப்பாணத்தில் சமையலறை. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல், இத்தாலியனில் 'குச்சீனா'. அந்த மனிதர் ஊரிலிருந்தே பாதி இத்தாலியன் தெரிந்துதான் வந்திருக்கிறார். காகிதத்தில் சுற்றி இரண்டு அரஞ்சீனோ கொண்டுவந்தார், பொரித்த சோற்று உருண்டை, இந்தப் பக்கத்தில் உருண்டையாக இல்லாமல் கூம்பாக. காசு கொடுக்கப் போனதற்கு, "அண்ணை எண்டு கூப்பிட்டிட்டன், விடுங்கோ" என்றார். உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள், போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

இந்த ஊரில் இருக்கிற பழைய கிரேக்க அரங்கத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். கிரேக்கர் மலையைக் குடைந்து கட்டினார்கள். பிற்பாடு ரோமானியர் செங்கல்லில் பெரிதாக்கி, மேடைக்குப் பின்னால் பெரிய சுவரை எழுப்பி, எத்னாவையும் கடலையும் மறைத்துவிட்டார்கள். காலம் அந்தச் சுவரின் நடுவை இடித்துவிட்டது. இப்போது அந்த ஓட்டை வழியாகத் தெரிகிற காட்சிக்குத்தான் உலகமே டிக்கெட் எடுக்கிறது.

இறங்கும்போது கேபிள் கார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாப்ளே ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

செப்டம்பர் 29, திங்கள். காஸ்தெல்மோலா

இன்றைக்குத் தாவோர்மினா வரை பஸ். ட்ரெவெலியன் அம்மையார் உண்டாக்கிய தோட்டத்தில், இப்போது ஊர்ப் பூங்கா, பெஞ்சில் படுத்து ஒரு தூக்கம். ஒன்றிலிருந்து நான்கு வரை பாதிக் கடைகள் மூடித்தான் கிடக்கின்றன, படுத்ததில் தப்பில்லை.

தாவோர்மினாவுக்கு மேலே இன்னொரு ஊர், காஸ்தெல்மோலா, 529 மீட்டர். "அதுக்கும் மேல ஒண்ணா?" என்று மாப்ளே அலறினான். பாறை மேல் இருக்கிற மாதா கோவில் வரை படி, சிலுவைப் பாதையின் காட்சிகள் வழியெங்கும். பதினான்கையும் மூச்சு வாங்குகிற சாக்கில் நின்று பார்த்தோம். 902இல் அரபுப் படை தாவோர்மினாவைப் பிடித்தது. கிழக்கு ரோமானியர் சிசிலியில் கடைசியாகப் பற்றிக்கொண்டிருந்த பெரிய கோட்டைகளில் ஒன்று. கவசத்தோடு இந்தச் செங்குத்தில் ஏறியிருக்கிறார்கள், நான் நூல் கட்டிய செருப்போடு. நூல் அறவில்லை.

மேல் ஊரில் பாதாம் ஒயின். இனிப்பு, தேன் நிறம், நம்ம பாதாம் பாலுக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்த மாதிரி. ஒரு குட்டிக் கிளாஸ் 3 யூரோ. அந்த ஊர்ச் சதுக்கத்தில் உட்கார்ந்தால் கீழே தாவோர்மினாவே பொம்மை ஊர். இன்னொரு மதுக்கடையும் அங்கே பிரபலம். உள்ளே கைப்பிடி முதல் விளக்கு வரை அலங்காரம் எல்லாம் ஒரே ஒரு உறுப்பின் வடிவத்தில். மாமியாரோடு போகிறவர்கள் விசாரித்துவிட்டுப் போகவும்.

இப்போது பஸ் தவறிய கதை. கடைசி பஸ் ஏழு மணிக்கு இருக்கிறதா என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டோம். அவர் மோவாயை மேலே தூக்கி, நாக்கால் "ட்ச்" என்று சப்புக்கொட்டினார். நாங்கள் அதை "அடடா, பாவம், இப்பதான் வரும்" என்கிற மாதிரி அனுதாபமாக எடுத்துக்கொண்டோம். நம்ம ஊரில் உச்சுக்கொட்டினால் அனுதாபம்தானே? நாற்பது நிமிஷம் நின்றோம். இருட்டிவிட்டது. பிறகு வந்த ஒரு பையன் ஆங்கிலத்தில் சொன்னான், பஸ் முடிந்துவிட்டது என்று. இந்தப் பக்கத்தில் மோவாயைத் தூக்கி "ட்ச்" என்றால் 'இல்லை' என்று அர்த்தம். அவ்வளவுதான். அவர் முதல் நொடியிலேயே பதில் சொல்லிவிட்டார்.

டாக்சிக்குக் கேட்ட தொகையை எழுதினால் வீட்டில் படிப்பார்கள். நடந்தே இறங்கத் தொடங்கினோம், ரோடு வழியாக, மாப்ளே போன் வெளிச்சத்தில். அவன் போன் 9 சதவீதம். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தூக்கத்தில்கூடத் தெரியும். ஷேர் ஆட்டோ! திரும்பினால் மூன்று சக்கர ஆப்பே வண்டி, பின்னால் சரக்குத் தொட்டி, காலி தக்காளிக் கூடைகள். ஆரப்பாளையத்தில் பத்து பேரை ஏற்றிக்கொண்டு போகிற அதே வண்டியின் தாத்தா. ஓட்டியவர் நிறுத்தி, கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினார். கூடைகளுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நான் பழக்கதோஷத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன், மாப்ளே பத்து வருஷ ஜெர்மன் வாசத்தில் அதை மறந்துபோய்த் தொட்டிக் கம்பியில் தலையை இடித்துக்கொண்டான். கீழே கடலோரம் பூராவும் விளக்கு. மலையம்மா இருட்டில் எங்கேயோ இருந்தாள், தெரியவில்லை.

போர்த்தா மெஸ்ஸீனாவில் இறக்கிவிட்டார். 10 யூரோ நோட்டை நீட்டினேன். மோவாயைத் தூக்கினார். "ட்ச்."

இந்தத் தடவை புரிந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய். மழை, கத்தானியா

விடியற்காலை இடி. எழுந்து பார்த்தால் கடலும் வானமும் ஒரே சாம்பல். வீட்டுக்கார அம்மா "பாவம், பாவம்" என்கிற தொனியில் ஏதோ சொல்லிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் பையை என் தோள்பை மேல் தானே மாட்டிவிட்டார். ரயில் நிலையத்துக்குப் பதினைந்து நிமிஷ நடை, முழங்கால் வரை நனைந்தோம். செருப்பு நூல் ஊறிப் பருத்து இன்னும் இறுகிக்கொண்டது.

கத்தானியாவில் வெயில், மழை பெய்த அடையாளமே இல்லை. விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. எலுமிச்சம்பழம் நான்கில் ஒன்றை ராத்திரியே மாப்ளே உப்புத் தொட்டுத் தின்றுவிட்டான், மூன்று பைக்குள். நேராக வெள்ளிக்கிழமை சோடா குடித்த அதே முச்சந்திக் கடைக்குப் போனோம். அதே ஆள், அதே கிளாஸ், அதே கரண்டி உப்பு. குடித்துவிட்டு இரண்டு யூரோ வைத்தால், 50 சென்ட் திருப்பித் தந்தார்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு யூரோ வாங்குனாரே மாப்ளே. நாலு நாள் வெயில்ல கறுத்து உள்ளூர்க்காரன் மாதிரி ஆயிட்டனோ?"

"வரும்போதே இதே கலர்தான் மச்சான்" என்றான்.